அறுவை மருத்துவரின் உறக்கம்

விழிஞ்ஞத்துப் புதிய துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்று என் நண்பன் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஒரு மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பயில்பவன். எந்தக் கல்லூரி என்பது இங்கு வேண்டாத செய்தி. ஒரு ஞாயிறு பிற்பகல் அவனுக்கு ஓய்வு கிடைத்தது. பேருந்து ஏறிச் சென்றோம். பழைய மீன்பிடித் துறையின் சுவரோரம் அமர்ந்து, தொலைவில் பளுதூக்கிகளின் கீழ் நின்ற பெரிய கப்பலை நான் அவனுக்குக் காட்டினேன். அதன் நீளத்தைப் பற்றி ஏதோ சொல்லி முடித்துத் திரும்பினால், அவன் சுவரில் தலை சாய்த்து உறங்கிவிட்டிருந்தான். கையில் பாதி தின்ற நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் அப்படியே இருந்தது.

அருகில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைக் கவனித்தார். குளச்சல் பக்கத்தவர் போலும். நம் தமிழிலேயே கேட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன மக்களே, சொகமில்லியா?"

"சுகந்தான் ஐயா. டாக்டர். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறவன்."

"டாக்டராக்கும்? நாலு நாளு ஒறங்காதவன் மாதிரியில்லா கெடக்கான்! ராத்திரி வள்ளத்துல ஒருத்தன் கண்ணசந்தா இன்னொருத்தன் முழிச்சிருப்பான். இவனுக்கு ஆளு மாத்து கெடையாதா?"

நான் அப்போது விடை சொல்லவில்லை. விடை எனக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து நான் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அறுவை மருத்துவம் பயிலும் மாணவனின் நாள் எத்தகையது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அறுவைத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு நாளோ இரு நாளோ அவசர நோயாளிகளை ஏற்கும் முறை வரும். அன்று காலை 7 மணிக்கு வார்டில் நுழைபவனுக்கு இரவு என்று தனியாக ஒன்று இல்லை. சாலை விபத்தில் அடிபட்டவர், குடல்வால் அழன்றவர், இரைப்பைப் புண் முற்றி ஓட்டை விழுந்தவர், நீரிழிவால் கால் அழுகியவர் என ஒருவர் பின் ஒருவராக வருவர். விடிந்த பின்னும் வீடு இல்லை. இரவில் சேர்த்தவர்களைப் பற்றிப் பேராசிரியரிடம் படுக்கை படுக்கையாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அன்றைய அறுவைப் பட்டியல் காத்திருக்கும். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மாலை 7 மணி. 36 மணி நேரம்! இதைத் தண்டனை என்று அவர்கள் கருதுவதில்லை; 'டியூட்டி' என்கிறார்கள்.

மூன்றாண்டுப் படிப்பில் முதலாண்டு மாணவனின் பாடு இன்னும் கடினம். இரத்தம் எடுப்பதும், ஸ்கேன் அறைக்குத் தள்ளுவண்டியோடு ஓடுவதும், கட்டு மாற்றுவதும், கேஸ் ஷீட்டும் டிஸ்சார்ஜ் சீட்டும் எழுதுவதும் அவன் வேலைகள். கத்தியைத் தொடுவது இவற்றுக்கெல்லாம் பிறகு. இந்த வேலைகளுள் எத்தனை ஒரு மருத்துவனே செய்தாக வேண்டியவை என்று எண்ணிப் பார்த்தால், களைப்பில் ஒரு பங்கு நோயாளியால் வந்தது அன்று, ஆள் குறைவால் வந்தது என்பது விளங்கும்.

எல்லா மருத்துவர்க்கும் உழைப்பு உண்டு. அறுவை மருத்துவருக்கு மட்டும் உரிய சுமை ஒன்றும் உண்டு. காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்றால் மருந்தின்மேல் பழி போகலாம்; நோயின்மேல் போகலாம். தான் தைத்த குடல் ஐந்தாம் நாள் கசியத் தொடங்கினால் பழி தன் விரல்களின்மேல் விழுகிறது. அந்த ஐந்து நாளும் அவன் நோயாளியின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். நாடித் துடிப்பு ஏறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். படுக்கப் போனாலும் அந்தத் தையல் அவனோடு படுக்கிறது. நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனால் அவன் உள்ளம் பெறும் நிறைவுக்கு ஈடு இல்லை. பிழைக்காவிட்டால், உறவினரிடம் சொல்ல அனுப்பப்படுபவன் பெரும்பாலும் அங்கு வயதில் மிக இளையவனே.

இவ்வாறு நாளடைவில் நேரும் நிலையை ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்பர். 1974-இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களிடமும் தம்மிடமும் கண்டதை இச்சொல்லால் குறித்தார். நம் நாளிதழ்கள் 'பணிச்சோர்வு' என்று எழுதுகின்றன. அது போதாது என்பது என் கருத்து. சோர்வு உறங்கினால் தீரும்; இது தீராது. எண்ணெய் வற்றிய பின்னும் எரியும் விளக்கில் திரியே கருகுவது போன்றது இது. ஆகவே நான் 'திரி கருகல்' என்று எழுதுகிறேன். இதனினும் நல்ல சொல் அறிந்தோர் மன்றத்துக்கு எழுதுக.

கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் 1981-இல் இதனை அளக்க ஒரு வினாப்பட்டியல் அமைத்தார். அதன்படி இதற்கு மூன்று முகங்கள். உள்ளம் வறண்டுபோதல் ஒன்று. எவ்வளவு செய்தும் ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றுதல் ஒன்று. மூன்றாவதுதான் நோயாளிக்கு அஞ்சத்தக்கது. மனிதரை மனிதராகக் காணாமை அது. "14-ஆம் படுக்கைக் குடல்வால்" என்று ஒருவன் பேசத் தொடங்கும்போது அவன் கொடியவனாகிவிட்டான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், எஞ்சியிருக்கும் சிறிது எண்ணெயைக் காத்துக்கொள்ள அவன் உள்ளம் கதவை மூடிக்கொள்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் இதனை நோய் என்று கூறாமல், வேலையிடத்தில் விளையும் நிலை என்றே வகுத்தது. நோய் என்றால் மருந்து தனியாளுக்கு. வேலையின் விளைவு என்றால் மருந்து வேலைக்கு அன்றோ?

உறக்கமின்மையைப் பற்றிய ஓர் ஆய்வை இங்குச் சொல்ல வேண்டும். 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்னும் இருவர், விழித்திருப்போரையும் மது அருந்தியோரையும் ஒரே தேர்வால் அளந்தனர். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் இணைந்து இயங்கும் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உடையவரின் அளவுக்குக் குறைந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தவர் ஏறக்குறைய 0.10 விழுக்காடு மது உடையவரை ஒத்தார். நம் நாட்டுச் சட்டப்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல், அதாவது 0.03 விழுக்காட்டுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுதல் குற்றம். 30-ஆம் மணியில் கத்தியேந்துவோனைத் தடுக்கும் ஊதுகருவி எங்கும் இல்லை.

இதைக் கொண்டு, களைத்த கை நோயாளியைக் கொல்கிறது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆய்வுகள் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் இரவெல்லாம் பணி செய்து மறுநாள் பகலில் அறுவை செய்த மூத்த மருத்துவர்களின் நோயாளிகளையும், அவ்வாறு விழிக்காத நாள்களில் அதே மருத்துவர்கள் அறுவை செய்த நோயாளிகளையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான பேராய்வு, இருசாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. பழகிய கை பழக்கத்தால் தப்பிக்கிறது போலும். ஆனால் 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பணி முடித்து வீடு திரும்பும் பயிற்சி மருத்துவர் சாலை விபத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு, மற்ற நாள்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். மேசையில் தப்பித்தது வழியில் வந்து பிடிக்கிறது. நம் ஊரில் அவர்கள் திரும்புவது இருசக்கர வண்டியில்.

இம்முறை எங்கிருந்து வந்தது? 1889-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் பேரறிஞர் அறுவைப் பயிற்சியை வகுத்தார். மாணவர் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். 'ரெசிடெண்ட்' என்ற சொல்லின் பொருளே குடியிருப்பவர் என்பதுதான். இரவு பகல் எந்நேரமும் அழைப்புக்கு உரியவர் அவர். ஹால்ஸ்டெட்டின் கைத்திறனையும் நெறியையும் உலகம் இன்றும் போற்றுகிறது. உணர்விழப்பு மருந்தாகக் கொக்கெயினைத் தம் உடம்பில் ஆய்ந்து பார்த்து அவர் அதற்கு அடிமையானார் என்பதும், பின்னர் மார்பின் பழக்கத்திலிருந்து அவர் விடுபடவில்லை என்பதும் வரலாறு. ஓய்வறியாப் பயிற்சியை வகுத்தவரின் வாழ்க்கை இப்படி இருந்தது.

அம்முறை ஏறக்குறைய நூறாண்டு கேள்வியின்றி நடந்தது. 1984 மார்ச்சில் லிபி சயன் என்னும் 18 வயது மாணவி நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து, சில மணி நேரத்தில் இறந்தாள். அவள் முன்பே உட்கொண்டுவந்த மருந்தோடு சேரக்கூடாத ஊசி போடப்பட்டது. கவனித்தவர்கள் நெடுநேரம் விழித்திருந்த பயிற்சி மருத்துவர்கள். அவருள் ஒருவருக்கு அன்றிரவு பொறுப்பில் சுமார் 40 நோயாளிகள். அவள் தந்தை இதழாளர், விடவில்லை. 1989-இல் நியூயார்க் மாநிலம், பயிற்சி மருத்துவர் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் பணி செய்தல் ஆகாது என்று விதித்தது. 2003-இல் அமெரிக்கா முழுதும் அவ்விதி பரவியது. ஐரோப்பிய நாடுகளில் 2009 முதல் 48 மணி நேரம்.

மூத்த அறுவை மருத்துவர்கள் இதை ஏற்பதில்லை. "எங்கள் காலத்தில் நாங்கள் செய்யவில்லையா?" என்பர். செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இடையில் படிப்பை விட்டுப் போனவர்கள் இன்று துறைத் தலைவர் நாற்காலியில் இல்லை. ஆகவே அவர்கள் குரல் நம் காதில் விழுவதில்லை. இன்னோர் எதிர்வாதம் கனமானது. நேரம் குறைந்தால் கற்பதும் குறையும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நோயாளி மாறும்போது செய்தி தவறும் என்பது அது. இதைச் சோதிக்க அமெரிக்காவில் 117 அறுவைப் பயிற்சித் திட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஒரு பகுதியினர் பணி நேர விதிகளை அப்படியே கைக்கொண்டனர். மறுபகுதியினர் ஒரே மூச்சில் எவ்வளவு நேரமும் தொடரலாம் என விடப்பட்டனர். நோயாளிகளின் சாவிலும் சிக்கலிலும் வேறுபாடு இல்லை. "பார்த்தீர்களா?" என்றனர் பழைமை விரும்பிகள். அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று. இரு பகுதியினருக்கும் வாரத்தின் மொத்தம் 80 மணி நேரமே! அந்த ஆய்வைக் காட்டி நம் ஊர் 100 மணி நேரத்துக்கு நியாயம் கேட்க முடியாது.

கைமாறும்போது செய்தி தவறுகிறது என்பது உண்மை. அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில், பணி மாறும்போது இன்னின்னவற்றை இன்ன வரிசையில் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பழக்கினர். மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன என 2014-இல் வெளியிட்டனர். ஒப்படைப்பும் கற்பிக்கத்தக்க ஒரு தொழில் என்பதை நம் கல்லூரிகள் இன்னும் பாடமாக்கவில்லை.

நேரம் மட்டும் காரணமா? இல்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் 262 அறுவைப் பயிற்சித் திட்டங்களில் 7,409 பேரைக் கேட்டனர். வாரம் ஒரு முறையேனும் திரி கருகலின் அறிகுறியை உணர்பவர் 38.5 விழுக்காடு. பெண்களிடம் இது கூடுதலாக இருந்தது. பெண்கள் மென்மையானவர்கள் என்று சிலர் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆய்வாளர்கள் இன்னொரு கணக்குப் போட்டனர். இழிவுபடுத்தல், பாகுபாடு, வசை, தொல்லை ஆகியவற்றுக்கு யார் எவ்வளவு ஆளானார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண் பெண் வேறுபாடு மறைந்துபோயிற்று. உடம்பின் களைப்பை இளைஞர் தாங்குகிறார்கள். நோயாளியின் முன்னிலையில், செவிலியர் முன்னிலையில், "உனக்கெல்லாம் எவன் சீட்டுக் கொடுத்தான்?" என்று கேட்கப்படுவதைத் தாங்குவது அரிது. என் நண்பன் தன் 36 மணி நேரத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வான். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

இனி நம் நாடு. 1992 ஜூன் 5-ஆம் நாளிட்ட மத்திய அரசின் ஆணை, இளநிலை ரெசிடெண்ட் மருத்துவர் வழக்கமாக வாரம் 48 மணி நேரமும், ஒரே தொடராக 12 மணி நேரத்துக்கு மிகாமலும் பணி செய்ய வேண்டும் என்கிறது. படிக்கும்போது வியப்பாக இருக்கும். 'பணியின் நெருக்கடிக்கு உட்பட்டு' என்ற சிறு தொடர் அதில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் நெருக்கடி இல்லாத நாள் எது? 2023-இல் வந்த முதுநிலை மருத்துவக் கல்வி விதிகள் எண்ணையே விட்டுவிட்டு, 'நியாயமான பணி நேரம்' என்றன. நியாயத்தை யார் அளப்பது?

2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மாணவரின் மனநலம் பற்றி அறிக்கை தந்தது. விடையளித்த 5,337 முதுநிலை மாணவருள் ஏறக்குறைய 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் தமக்கு வந்ததாகக் கூறினர். விரும்பியோர் மட்டும் விடையளித்த கணக்கெடுப்பு இது. எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். பாதியாகக் கொண்டாலும் அது சிறிய எண் அன்று. வாரம் 74 மணி நேரத்துக்கு மிகாத பணி, ஒரு நாள் விடுப்பு, நாளும் 7 முதல் 8 மணி நேர உறக்கம் என்று அக்குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 9-இல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நெடும்பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொலைக்கு ஆளானார். அவ்வழக்கில் 36 மணி நேரத் தொடர்பணி மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது.

கேரளத்திலும் இச்செய்தி புதிதன்று. 2021-இல் முதுநிலை நுழைவுத் தேர்வு பல மாதம் தள்ளிப்போய், பிறகு கலந்தாய்வு வழக்கில் சிக்கியது. புதிய முதலாண்டு மாணவர் வரவில்லை. மூன்று தோள் சுமக்கும் பல்லக்கை இரண்டு தோள் சுமக்க நேர்ந்தது. அதுவும் கொரோனாக் காலத்தில். திருவனந்தபுரம் உட்பட அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை மருத்துவர் அந்த டிசம்பரில் பணிநிறுத்தம் செய்தனர். தற்காலிக மருத்துவரை அமர்த்த அரசு இசைந்தது. ஒரு தேர்வு தள்ளிப்போனால் அடுத்த நாளே சாய்ந்துவிடும்படி ஓர் அமைப்பு மாணவர் தோளில் நிற்கிறது என்பதை அன்று எல்லோரும் கண்டனர்.

2025 ஜூன் இறுதியில் அதே திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் யூராலஜித் துறைத் தலைவர், கருவிகள் இல்லாமையால் அறுவைகளைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது என்று முகநூலில் எழுதினார். கேரளம் முழுதும் பேச்சாயிற்று. அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த நிர்வாகத் தகராற்றில் நான் புகவில்லை. செய்யத் தெரிந்த கை செய்ய முடியாமல் காத்திருப்பதும், காத்திருக்கும் நோயாளியின் முகத்தை நாளும் பார்ப்பதும் திரியைக் கருக்கும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். இது இளையவரை மட்டும் பற்றும் நிலை அன்று.

மீண்டும் விழிஞ்ஞத்துக்கு வருவோம். அன்று நாங்கள் பார்த்தது போன்ற கப்பல்கள் அங்கு 2024 ஜூலை முதல் வருகின்றன. 2025 மே 2-இல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அக்கப்பல்களில் பணிபுரிவோர்க்கு 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2015-இல் அதை ஏற்றது. அதன்படி எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வும், 7 நாளில் 77 மணி நேர ஓய்வும் வேண்டும். அல்லது பணி 7 நாளில் 72 மணி நேரத்துக்கு மிகாதிருக்க வேண்டும். ஒவ்வொருவரின் ஓய்வும் நாள்தோறும் ஏட்டில் பதிவாகிறது. அதில் அவரும் ஒப்பமிடுகிறார், ஒரு படியும் பெறுகிறார். துறைமுகத்தில் ஆய்வாளர் கப்பலேறி அந்த ஏட்டைப் பார்க்கலாம். குறை பெரிதானால் கப்பலை நிறுத்திவைக்கலாம்.

கடலில் புயல் வராதா? வரும். அப்போது தலைவர் ஓய்வு விதியை நிறுத்திவைத்து எல்லோரையும் பணிக்கு அழைக்கலாம். உடன்படிக்கையின் அடுத்த வரியை நம் மருத்துவக் கல்லூரி முதல்வர்கள் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நெருக்கடி தீர்ந்ததும், ஓய்வு வேளையில் பணி செய்தவர்க்குப் போதிய ஓய்வைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. 1992-ஆம் ஆண்டு ஆணையில் நெருக்கடி இருக்கிறது. திருப்பித் தருதல் இல்லை. ஏடும் இல்லை. சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பலின் மாலுமி எத்தனை மணி நேரம் உறங்கினான் என்று விழிஞ்ஞத்தில் கேட்க ஆள் உண்டு. அதே ஊர் மீனவர் கை நசுங்கி நகரத்து மருத்துவமனைக்குப் போனால், அந்தக் கையைத் தைப்பவன் எப்போது உறங்கினான் என்று கேட்க ஆள் இல்லை.

இவ்விதழைப் படிப்போருள் மருத்துவம் பயில்வோர் இருக்கலாம். அவர்களோடு அறையில் தங்குவோர் இருக்கலாம். உடன் தங்கும் நண்பன் இருள்முகமாகப் பேசத் தொடங்கினால் 14416 என்னும் எண்ணில் 'டெலி மானஸ்' உதவி எந்நேரமும் கிடைக்கும். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். தன் பணி நேரத்தைத் தானே ஒரு சிறு ஏட்டில் குறித்துவரும்படி அவனிடம் சொல்லலாம். என் நண்பனுக்கு நான் அதைச் சொன்னேன். இரண்டு வாரம் எழுதினான். முதல் வாரம் 104 மணி நேரம். இரண்டாம் வாரத்தில் வெள்ளிக்குப் பிறகு பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத நேரமில்லையாம்.

அன்று மாலை பெரியவர் வலையைச் சுருட்டிவைத்த பிறகும் அவன் விழிக்கவில்லை. வெயில் முகத்தில் படாதபடி அவர் ஒரு பழைய தார்ப்பாய்த் துண்டைச் சுவரின்மேல் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். கப்பல் அங்கேயே நின்றது. ஆறரை மணிக்கு நான் அவனை எழுப்பினேன். "துறைமுகம் எப்படி?" என்று கேட்டான். மறுநாள் காலை 7 மணிக்கு அவனுக்கு வார்டு.